கத்திரி சொத்தைக்கு என்ன மருந்துன்னு கேக்கறவங்களுக்கு

"அண்ணே, கத்திரியில சொத்தை நிக்கவே மாட்டேங்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" இந்த கேள்வி வாட்ஸப்ல வராத வாரமே இல்ல. கூடவே ஒரு போட்டோ வரும், ரெண்டா பொளந்த காய், நடுவுல ரோஸ் கலர்ல ஒரு புழு சுகமா படுத்திருக்கும். நான் ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி வெள்ளாமை பாக்கறவன், அவ்ளோதான், மருந்துக்கடையும் கிடையாது விவசாய பட்டமும் கிடையாது. ஆனா கத்திரி, தக்காளி, வெண்டை, மிளகான்னு மாத்தி மாத்தி போட்டுட்டு வர்றதால எது கேக்கும் எது கேக்காதுன்னு கொஞ்சம் சொல்ல முடியும். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன், இனிமே கேட்டா லிங்க்தான் வரும், கோச்சுக்காதீங்க.

மொதல்ல மருந்து பேரை விடுங்க. அந்த புழு, குருத்தையும் காயையும் துளைக்கற குருத்துப்புழு காய்ப்புழு, எப்ப எங்க இருக்குதுன்னு பாருங்க, அது புரிஞ்சா பாதி மருந்துச் செலவு தானா குறையும். தாய்ப்பூச்சி ஒரு சின்ன அந்து, வெள்ளை றெக்கையில பிரவுன் திட்டு இருக்கும், ராத்திரியிலதான் நடமாட்டம், பகல்ல காட்டுக்குள்ள நடந்தா கண்ணுலயே படாது. இலைக்கு அடியில, குருத்துல, பூ மொக்குல, பிஞ்சுலன்னு ஒண்ணொண்ணா முட்டை வச்சிட்டு போயிட்டே இருக்கும், ஒரு தாய் 200 முட்டை வரைக்கும்கூட வைக்கும். மூணுல இருந்து அஞ்சு நாள்ல பொரிஞ்சிடும். பொரிஞ்ச புழு மத்த புழு மாதிரி இலையை மேஞ்சுட்டு வெளியில சுத்தாது, சில மணி நேரத்துக்குள்ள குருத்துலயோ காயிலயோ ஓட்டை போட்டு உள்ள புகுந்துக்கும், புகுந்த ஓட்டையை தன்னோட எச்சத்தாலயே அடைச்சுக்கும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் உள்ளதான் சாப்பாடு தூக்கம் எல்லாம்.

வளந்து முடிஞ்சதும் வெளிய வந்து கீழ சருகுலயோ மண்ணுலயோ கூடு கட்டி கூட்டுப்புழுவா படுத்துக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி அந்துப்பூச்சி. காயில பெரிய வட்ட ஓட்டையா நமக்கு தெரியுதே, அது பெரும்பாலும் புழு வெளிய போன வழி, உள்ள வந்த வழி இல்ல. அதாவது ஓட்டையை பாத்துட்டு நாம பதறி டேங்கை தூக்கறப்போ அந்த புழு ஏற்கனவே கிளம்பிப் போயிருக்கும். ஓட்டை தெரியாத காய்க்குள்ள இருக்கற புழுவுக்கோ நாம அடிக்கறது போய் சேரவே சேராது. ஆக அதோட வாழ்நாள்ல மருந்து நேரா மேல படற நேரம் முட்டை பொரிஞ்ச அந்த சில மணி நேரம்தான், அதை விட்டா கிடையாது. இதை தெரிஞ்சுக்காம வாரத்துக்கு ரெண்டு அடி மூணு அடின்னு அடிச்சுட்டே இருக்கறவங்க எங்க ஏரியாவுலயே நிறைய, அவங்களுக்கு புழு சாகுதோ இல்லையோ காட்டுல சிலந்தி, பொறிவண்டு, குளவின்னு நமக்கு ஓசியில வேலை பாக்கற அத்தனையும் செத்துப்போயிடுது.

சரி என்ன பண்றது. குருத்து கிள்ளணும். இதை சொன்னா எல்லாரும் "அட போங்கண்ணே"ங்கறாங்க, ஏன்னா இதுல பாட்டில் இல்ல, விளம்பரம் இல்ல, ஆள் கூலி மட்டும் இருக்கு. நட்டு ஒரு மாசம் வாக்குல, பூ வர்றதுக்கு முன்னாடியே குருத்து வாடி தலை தொங்க ஆரம்பிக்கும், தண்ணி கட்டியும் நுனி மட்டும் தொங்குதுன்னா உள்ள புழு இருக்குன்னு அர்த்தம். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி சால் சாலா நடந்து அந்த குருத்தை வாடின இடத்துக்கு ஒரு இஞ்சு கீழ வச்சு கிள்ளிடணும், கிள்ளினதை மடியில போட்ட பையில போடணும், பாத்தியில போடக்கூடாது. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது, ஆளுங்க கிள்ளி அங்கயே போட்டுட்டு போயிடுவாங்க, புழு நிதானமா வெளிய வந்து மண்ணுல கூடு கட்டிக்கும். கிள்ளின குருத்தை எரிக்கணும், இல்ல ஆழமா குழி வெட்டி பொதைக்கணும். வாரம் ஒருக்கா தவறாம இதை பண்ணுங்க, காய் பிடிக்கற நேரத்துல காட்டுக்குள்ள சுத்தற தாய்ப்பூச்சி கணிசமா குறைஞ்சிருக்கும், கிள்ளின எடத்துல பக்கக்கிளை அடிக்கறதால செடிக்கும் நட்டம் ஒண்ணும் இல்ல.

காய்ப்பு ஆரம்பிச்சப்புறம் சொத்தைக்காய்க்கும் இதே சட்டம்தான். பறிக்கறப்பவே சொத்தையையும் சேத்து பறிச்சு தனி சாக்குல போடச் சொல்லுங்க, செடியிலயே விட்டுட்டு நல்ல காயை மட்டும் பறிக்கறது அந்துப்பூச்சிக்கு நாமளே பண்ணை வச்சு குடுக்கற மாதிரி. தரம் பிரிச்சு மிஞ்சின சொத்தையை வரப்போரம் குவிக்கறது அதைவிட மோசம். சிலர் மாட்டுக்கு போடறாங்க, மருந்து அடிச்சு ரெண்டு மூணு நாள்தான் ஆகுதுன்னா அந்த காயை மாட்டுக்கு காட்டவே காட்டாதீங்க, அந்த பால்தான் வீட்டு குழந்தைக்கும் போகுது. வெள்ளாமை முடிஞ்சு பிடுங்கற செடி இருக்கு பாருங்க, காஞ்ச மாரை அடுப்பெரிக்க ஆகும்னு களத்துல அடுக்கி வச்சிருப்பாங்க, அதுக்குள்ள இருந்தும் அந்து கிளம்பும். புதுசா நாத்து விட்ட காடு பக்கத்துலயே இருந்தா நேரா அங்கதான் போகும், அதுக்கு பஸ் டிக்கெட் எல்லாம் தேவையில்ல.

இனக்கவர்ச்சி பொறி பத்தி கேக்கறாங்க. வைங்க, நல்லதுதான், ஏக்கருக்கு அஞ்சு ஆறு போதும். ஆனா கத்திரி அந்துக்குன்னே வர்ற லூர்தான் (ஆண் பூச்சியை இழுக்க பொறியில மாட்டற வாசனை மருந்து) வாங்கணும், தக்காளி காய்ப்புழுவுக்கு விக்கற லூரை இதுல மாட்டினா ஒண்ணும் வராது, கடையில அவசரத்துல எதையாவது எடுத்து குடுத்துடுவாங்க, பாக்கெட்டுல பயிர் பேரை பாத்து வாங்குங்க. பொறி செடியோட தலை உயரத்துக்கு கொஞ்சம் மேல இருக்கணும், செடி வளர வளர ஏத்தி கட்டணும், லூரை மாசம் ஒருக்கா மாத்தணும். இதுல விழறது ஆண் பூச்சி மட்டும்தான், ஏற்கனவே இணை சேந்து முட்டையோட வர்ற தாயை இது ஒண்ணும் பண்ணாது. அதனால பொறியை மட்டும் நம்பிட்டு உக்காந்துடக்கூடாது. எனக்கு பொறியோட பெரிய உபயோகம் என்னன்னா எண்ணிக்கை திடீர்னு ஏறினா அடுத்த வாரம் குருத்தை கவனமா பாக்கணும்னு ஒரு எச்சரிக்கை கிடைக்குது, அதுவே பெருசு.

முட்டை ஒட்டுண்ணி அட்டைன்னு ஒண்ணு வருது, டிரைக்கோகிரம்மா. கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத அளவுக்கு ஒரு குட்டி குளவி, அந்துப்பூச்சி முட்டைக்குள்ள தன் முட்டையை வச்சிடும், புழு வர்றதுக்கு பதிலா குளவி வெளிய வரும். அட்டையை துண்டு துண்டா வெட்டி இலைக்கு அடியில ஸ்டேப்ளர் போட்டு வைக்கணும், சாயங்காலம் வைக்கறது நல்லது, எறும்பு தூக்கிட்டு போகாம பாத்துக்கணும். அட்டையை வச்ச மறுநாள் பவர் ஸ்ப்ரேயர்ல மருந்து அடிச்சா குளவியும் காலி உங்க காசும் காலி. ரெண்டுல ஒண்ணுதான், இது கட்டின வாரம் அது கிடையாது.

இப்ப மருந்துக்கு வரேன், ஏன்னா மருந்தே அடிக்காம வியாபாரத்துக்கு கத்திரி எடுக்கறேன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்களை பாத்தா எனக்கு பொறாமையா இருக்கு. ஆரம்பத்துல வேப்பங்கொட்டை கரைசல் அடிக்கலாம், 5 கிலோ பருப்பை இடிச்சு 10 லிட்டர் தண்ணில ராத்திரி ஊற வச்சு, காலையில துணியில வடிகட்டி 100 லிட்டர் ஆக்கி, இலையில ஒட்டறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு ஊத்தி, வெயில் தாழ்ந்தப்புறம் அடிக்கணும். வெயில்ல அடிச்சா வேம்போட சத்து சீக்கிரம் போயிடும். இது புழுவை உடனே கொல்லாது, முட்டை வைக்க வர்ற தாயை விரட்டும், புழு தின்னாம வளராம கெடக்கும், அதனால சாயங்காலம் அடிச்சிட்டு காலையில செத்த புழுவை தேடக்கூடாது. பழைய கொட்டை வேணாம், பூசணம் பிடிச்சது வேணவே வேணாம்.

ரசாயன மருந்துல எங்க பக்கம் எல்லாரும் வாங்கறது குளோரான்ட்ரானிலிப்ரோல், கோரஜன்னு சொன்னாதான் தெரியும். 2022ல அதோட பேட்டன்ட் முடிஞ்சதும் அதே சரக்கு ஏகப்பட்ட பேர்ல வந்திருச்சு, விலையும் இறங்கிடுச்சு. இங்கதான் ஒரு கூத்து நடக்குது. போன வாரம் ஒரு பேர்ல அடிச்சு கேக்கல, இந்த வாரம் "வேற மருந்து" குடுங்கன்னு கேட்டு வேற டப்பா வாங்கிட்டு வர்றாங்க, உள்ள இருக்கறது அதே குளோரான்ட்ரானிலிப்ரோல். இல்லன்னா ஃப்ளுபென்டியமைட் வாங்கறாங்க, பேர் வேற கம்பெனி வேற, ஆனா ரெண்டும் 28ங்கற ஒரே குரூப் (மருந்து புழுவை எப்படி தாக்குதுன்னு பாத்து பிரிச்ச நம்பர்), புழுவோட தசையை ஒரே மாதிரிதான் தாக்குது. சயன்ட்ரானிலிப்ரோலும் அதே 28தான். புழு ஒண்ணுக்கு பழகிடுச்சுன்னா மத்ததுக்கும் பழகின மாதிரிதான். உண்மையா மாத்தணும்னா குரூப் நம்பரை பாத்து மாத்தணும். எமாமெக்டின் பென்சோயேட் 6வது குரூப், ஸ்பினோசேட் 5வது குரூப், சைபர்மெத்ரின் லாம்டா சைஹாலோத்ரின் எல்லாம் 3வது குரூப். டப்பாவுல பெருசா இருக்கற பேரை விட்டுட்டு கீழ பொடி எழுத்துல இருக்கற மருந்தோட மூலப்பேரை படிக்கறதுதான் கடையில நாம பண்ண வேண்டிய மொத வேலை, கண்ணாடி எடுத்துட்டு போங்க.

பூச்சிக்கு மருந்து பழகறது இன்னைக்கு நேத்து வந்த விஷயம் இல்ல. முட்டைக்கோசுல வர்ற வைரமுதுகு அந்துப்பூச்சி 1953லயே இந்தோனேசியாவுல ஜாவா தீவுல டிடிடிக்கு அடங்காம போனது பதிவாயிருக்கு. அந்த கோசு புழுவுக்கு பெங்களூர் பக்கம் ஹெசரகட்டாவுல இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன வழி என்னன்னா 25 வரிசை கோசுக்கு ரெண்டு வரிசை கடுகு. ஒரு வரிசை கோசு நடறதுக்கு 15 நாள் முன்னாடி, இன்னொண்ணு நட்டு 25 நாள் கழிச்சு, பூச்சி கோசை விட்டுட்டு கடுகுக்கு ஓடும், அங்க வச்சு அதை பாத்துக்கலாம். தக்காளி காய்ப்புழுவுக்கும் அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை நெட்டை செண்டுமல்லி, ஆனா செண்டுமல்லி நாத்து 40 நாள், தக்காளி நாத்து 25 நாள் வயசுல ஒண்ணா நடணும், அப்பதான் ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கும். நிறைய பேர் ரெண்டையும் ஒரே நாள் விதைச்சுட்டு "செண்டுமல்லி வேலை செய்யலீங்க"ங்கறாங்க, தக்காளி காய்ச்சு முடியறப்போ செண்டு பூத்தா அதை வச்சு மாலை கட்டலாம், அவ்ளோதான். நேரம் சரியா அமைஞ்சா பூவும் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு போகும், அந்துப்பூச்சியும் அங்க மொக்குல முட்டை வைக்கும்.

சரி, கத்திரிக்கு திரும்பறேன், முக்கியமான விஷயம் இன்னும் சொல்லல. காத்திருப்பு காலம். மருந்து அடிச்ச நாள்ல இருந்து எத்தனை நாள் கழிச்சு பறிக்கணும்னு லேபிள்ல போட்டிருக்கும். குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கு தக்காளியில 3 நாள், கோசுல 3 நாள், அதே மருந்துக்கு கத்திரியில 22 நாள். நம்பலன்னா டப்பாவோட வர்ற மடிச்ச பேப்பரை விரிச்சு பாருங்க. கத்திரியை நாம மூணு நாள் நாலு நாளைக்கு ஒருக்கா பறிக்கறோம், 22 நாள் யாரு காத்திருக்கப் போறா? ஆக காய்ப்புல இருக்கற கத்திரிக்கு அந்த மருந்து சரிப்பட்டே வராது, பூ வர்ற நேரத்துல ஒரு அடி அடிச்சா அதோட முடிச்சுக்கணும். காய்ப்பு சமயத்துல எமாமெக்டின் மாதிரி 3 நாள் கணக்குல இருக்கறதைத்தான் பாக்கணும், அதுவும் பறிச்ச அன்னைக்கு சாயங்காலம் அடிச்சு அடுத்த பறிப்புக்கு இடைவெளி விட்டு. இதை எந்த கடையிலயும் நம்மகிட்ட சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. "பத்து லிட்டருக்கு இவ்ளோ மில்லி, கூட ஒரு டானிக்"னு சொல்லி பில்லு போட்டுடுவாங்க. டானிக் என்னத்துக்குன்னு கேட்டா செடி கருகருன்னு வருமாம். கருகருன்னு தழைச்ச இளங்குருத்துதான் பூச்சிக்கும் பிடிக்கும், யூரியா தூக்கலா போட்ட காட்டுல சாறு உறிஞ்சற பூச்சி ஏன் அதிகம்னு யோசிங்க.

அளவு விஷயத்துலயும் அப்படித்தான். கத்திரியில குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கு ஏக்கருக்கு 80 மில்லின்னா 80 மில்லிதான், ஏக்கர் கணக்குல போட்டு தண்ணியை அதுக்கு தக்கன கலக்கணும், மூடியில ஊத்தி "இன்னொரு சொட்டு சேத்துக்கோ"ங்கறது நம்ம ஊர் பழக்கம். மூணு மருந்தை ஒரே டேங்குல கலக்கி அடிக்கறது இன்னொரு பழக்கம், பூச்சி மருந்து, பூஞ்சை மருந்து, டானிக் எல்லாம் ஒரே கலவை, தயிர் மாதிரி திரிஞ்சு நாசில் அடைச்சுக்கறப்போதான் மண்டையில உறைக்கும். பூச்சிக்கு ஹாலோ கோன் நாசில் (கூம்பு மாதிரி விரிஞ்சு பொடித்துளியா அடிக்கறது) போடுங்க, களைக்கொல்லி அடிச்ச நாசிலையும் டேங்கையும் கழுவாம கொண்டு வராதீங்க, இலைக்கு அடியில படற மாதிரி குழலை கீழ இருந்து மேல திருப்பி அடிங்க. டப்பாவுல முக்கோணம் இருக்கும், சிவப்புதான் ரொம்ப கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு இறங்கும். மோனோகுரோட்டோபாஸ் காய்கறியில அடிக்கக்கூடாதுன்னு 2005லயே தடை போட்டாச்சு, அதுக்கப்புறமும் எத்தனை காட்டுல அந்த வாசனை வந்துச்சுன்னு எங்க ஊர்ல யாரை கேட்டாலும் சொல்லுவாங்க.

நம்ம சரக்கு பெரும்பாலும் கேரளாவுக்குதான் போகுது. 2015ல அங்க தமிழ்நாட்டு காய்கறியில மருந்து எச்சம் இருக்குன்னு பெரிய பேச்சா போச்சு, நம்மாளுங்க "அவங்களுக்கு வேற வேலை இல்ல"ன்னாங்க. எனக்கு அப்ப இருந்து இப்ப வரைக்கும் ஒரே எண்ணம்தான், அடுத்தவன் சொல்றது அரசியலா இருந்துட்டு போகட்டும், அடிச்ச மறுநாள் பறிச்சு சாக்கு கட்டற பழக்கம் நம்மகிட்ட இருக்கா இல்லையா? வீட்டுக்குன்னு வரப்போரம் மருந்து படாத நாலு செடி தனியா வச்சிருக்காங்களே, அது எதுக்கு?

பி.டி. கத்திரி பத்தியும் சிலர் கேக்கறீங்க. இந்த குருத்துப்புழு காய்ப்புழுவுக்காகவே மரபணு மாத்தின கத்திரி அது. 2010 பிப்ரவரியில அப்ப மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வச்சாரு, இங்க இன்னும் அப்படியேதான் நிக்குது. வங்காளதேசம் 2013ல அனுமதி குடுத்து 2014ல விவசாயிங்க கையில நாத்து குடுத்துடுச்சு. வேணும் வேணாம்னு ரெண்டு பக்கமும் சண்டை போடறவங்க போடுங்க. எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், அது வந்தாலும் இந்த ஒரு புழுவுக்குதான் பதில், வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, சிலந்திப்பேன், வாடல் எல்லாம் அப்படியே இருக்கும். அனுமதி இல்லாத விதை எங்கயாவது கைமாறுதுன்னு யாராவது கூப்பிட்டு சொன்னா அந்த வம்புக்கு மட்டும் போகாதீங்க.

வாடல்னு சொன்னதும் ஞாபகம் வருது. கத்திரி, தக்காளி ரெண்டுலயும் பச்சையா நின்ன செடி திடீர்னு ஒரே நாள்ல தொங்கிடும், பூஞ்சை வாடலா பாக்டீரியா வாடலான்னு தெரியாம கண்டதை வேர்ல ஊத்துவாங்க. தண்டை அடியில வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் நல்ல தண்ணியில வெட்டு வாய் முங்கற மாதிரி அசையாம பிடிங்க, கொஞ்ச நேரத்துல பால் நூல் மாதிரி வெள்ளையா இறங்குச்சுன்னா பாக்டீரியா. அப்படின்னா கார்பென்டாசிம் ஊத்தி பிரயோஜனம் இல்ல, அது பூஞ்சை மருந்து. செடியை வேரோட எடுத்துட்டு, அந்த குழியில இருந்து தண்ணி அடுத்த சாலுக்கு பாயாம தடுத்துட்டு, அடுத்த போகத்துக்கு அந்த காட்டுல கத்திரி, தக்காளி, மிளகாய் மூணும் வேணாம்னு விட்டு சோளமோ மக்காச்சோளமோ போடறதுதான். இப்ப சுண்டைக்காய் வேர்ல ஒட்டு கட்டின கத்திரி நாத்து கிடைக்குது, விலை சாதா நாத்தை விட ஜாஸ்தி, ஆனா வாடலும் வேர் முடிச்சு நூற்புழுவும் இருக்கற காட்டுக்கு அது குடுக்கலாம். நல்ல மண்ணு இருக்கறவங்க சும்மா பெருமைக்கு வாங்க வேணாம்.

நாத்துன்னு சொன்னா, வைரஸ் சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கதான் ஆரம்பம். தக்காளி இலைச்சுருட்டை, வெண்டை மஞ்சள் நரம்பு தேமல், ரெண்டையும் பரப்பறது வெள்ளை ஈ, ரெண்டுக்கும் மருந்து கிடையாது. திரும்ப சொல்றேன், வைரஸ் வந்த செடியை குணமாக்க எந்த கடையிலயும் மருந்து இல்ல, "வைரஸ் ஸ்பெஷல்"னு ஸ்டிக்கர் ஒட்டின பாட்டிலை எடுத்து காட்டினா சிரிச்சுட்டு வந்துடுங்க. குழித்தட்டு நாத்து வாங்கறப்போ நிழல்வலையை மட்டும் பாக்காதீங்க, பக்கவாட்டுலயும் வெள்ளை ஈ நுழையாத பொடி வலை, 40 இல்லன்னா 50 மெஷ் (ஒரு இஞ்சுக்கு இத்தனை கண்ணுன்னு கணக்கு), போட்டிருக்காங்களா, கதவு ரெண்டு தடுப்பா இருக்கா, சுத்தி களை எப்படி இருக்குன்னு பாருங்க. நட்டப்புறம் மொத ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்குள்ள சுருட்டை தெரிஞ்ச செடியை ஈவு இரக்கம் பாக்காம பிடுங்கணும். காட்டைச் சுத்தி மக்காச்சோளமோ சோளமோ ரெண்டு மூணு வரிசை தக்காளிக்கு முன்னாடியே விதைச்சு வச்சா வெள்ளை ஈ வர்ற வேகம் குறையும். மஞ்சள் அட்டையை செடி உயரத்துக்கு கட்டுங்க, தகரத்துல மஞ்சள் பெயின்ட் அடிச்சு விளக்கெண்ணெய் தடவினாலும் ஒட்டும், காசு மிச்சம். வெள்ளை ஈ இருக்கற காட்டுல சைபர்மெத்ரின் வகையறாவை அடிச்சுட்டே இருந்தீங்கன்னா நன்மை செய்யற பூச்சி செத்து ஈ இன்னும் பெருகும்.

வெண்டைக்கு தேமல் தாங்கற ரகம்னு அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி எல்லாம் வந்துச்சு, ஒரு காலத்துல நல்லாவும் நின்னுச்சு, இப்ப அதுலயும் மஞ்சள் அடிக்குது, வைரஸும் சும்மா உக்காந்திருக்காது பாருங்க. அதனால ரகத்தை நம்பி ஈயை விட்டுடக்கூடாது.

மிளகாய்ல ஒரு விஷயம் மட்டும். சுருட்டைன்னு பொதுவா சொல்றோம், இலை மேல் பக்கமா படகு மாதிரி குழிஞ்சு சுருண்டா திரிப்ஸ்ங்கற சாறு உறிஞ்சற பொடிப்பூச்சி, கீழ் பக்கமா மடங்கி காம்பு நீண்டு எலிவால் மாதிரி போனா சிலந்திப்பேன். திரிப்ஸ் மருந்து பேனுக்கு பெரும்பாலும் கேக்காது, பேனுக்கு நனையும் கந்தகமோ பேன் மருந்தோ வேணும். இலையை திருப்பி பாக்காம போட்டோ அனுப்பாதீங்க, ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்க. பூவுக்குள்ள கருப்பா பொடிப்பொடியா ஓடுச்சுன்னா அது புது ரக திரிப்ஸ், 2015ல பெங்களூர்ல பப்பாளியில பாத்தது, 2021 கடைசியில ஆந்திரா தெலங்கானாவுல மிளகாய் காட்டையே காலி பண்ணுச்சு. பூவை வெள்ளை பேப்பர் மேல தட்டிப் பாத்தா தெரியும். தக்காளி ஊசிப்புழுவும் இப்படி வெளியூர்ல இருந்து வந்ததுதான், தென் அமெரிக்க சரக்கு, 2014ல புனேயில மொதல்ல பிடிபட்டுச்சு, அடுத்த வருசமே நம்ம பக்கம். அதைப் பத்தி தனியா எழுதறேன், இதுல நுழைச்சா நீண்டுடும்.

இவ்ளோ சொல்லியும் கத்திரியில எனக்கு கட்டுப்படாத ஒண்ணு இருக்கு, அது பக்கத்து காடு. நான் வாரா வாரம் குருத்து கிள்ளறேன், மாமா காட்டுல பழைய கத்திரி காய்ச்சு ஓஞ்சு பாதி சொத்தையோட நிக்குது, அந்து வரப்பை பாத்தா நிக்கப் போகுது? பிடுங்கிடுங்க மாமான்னு கேட்டா "ஓணத்துக்கு வெலை ஏறும் மாப்ள, ரெண்டு பறிப்பு பாத்துட்டு பிடுங்கறேன்"ங்கறாரு. அவர் சொல்றதும் தப்பு இல்ல, ஓணத்துக்கு முன்னாடி மார்க்கெட்ல கத்திரி என்ன விலை போகும்னு எனக்கும் தெரியும். கடைசியா ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கோம், ஓணம் வரைக்கும் செடி இருக்கட்டும், ஆனா என் காட்டுக்கு குருத்து கிள்ள வர்ற ஆளுங்க அதே நாள் அவர் காட்டுலயும் கிள்ளிட்டு சொத்தையையும் பொறுக்கிடுவாங்க, கூலி பாதி பாதி. கூலியில பாதின்னதும் மொதல்ல மூஞ்சியை சுளிச்சாரு, அவர் மருந்துக்கடை பாக்கியை நோட்டுல கூட்டி காட்டினப்புறம் சரின்னுட்டாரு. வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்கறோம், பொறியில விழற எண்ணிக்கை குறையுதான்னு பாத்துட்டு சொல்றேன்.